ஒட்டகச்சிவிங்கிக்கு 280, அது மாத்திரையா சாப்பிடுகிறது?

வாட்ஸ்அப்பில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்து போகிற செய்திகளில் ஒட்டகச்சிவிங்கியின் இதயமும் ஒன்று. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு கிலோ எடையாம், இரண்டடி நீளமாம், மிருகங்களிலேயே மிகப் பெரிய இதயமாம். கடைசியில் இரண்டு கைகூப்பும் படங்கள், "இறைவனின் படைப்பே படைப்பு" என்று ஒரு வரி. கடைசி வரியோடு எனக்குத் தகராறு இல்லை. அதற்கு மேலே உள்ளதோடுதான் தகராறு.

மிகப் பெரிய இதயம் என்பது முதலில் அடிபட்டுப் போகிறது. யானையும் திமிங்கலமும் இருக்கிறபோது அந்தப் பட்டம் இதற்கு எப்படிப் போகும்? அடுத்து அந்தப் பன்னிரண்டு கிலோ. பல ஒட்டகச்சிவிங்கிகளின் இதயங்களை எடை போட்டுப் பார்த்து, 2009இல் மிட்செல், ஸ்கின்னர் என்ற இருவர் கணக்கை எழுதி வைத்தார்கள். உடல் எடையில் சுமார் அரை சதவீதம்தான் இதயத்தின் எடை. ஆயிரம் கிலோ மிருகம் என்றால் ஐந்து கிலோ. அறுபது கிலோ மனிதனுக்கு முந்நூறு கிராம், அதுவும் அதே அரை சதவீதம்தான். ஆக, உடம்பின் அளவுக்கு அதன் இதயம் ஒரு மாட்டின் இதயத்தைவிடவோ உங்கள் இதயத்தைவிடவோ பெரிதே அல்ல.

அப்படியானால் அவ்வளவு உயரத்துக்கு ரத்தத்தை எப்படி ஏற்றுகிறது? விஷயமே அங்கேதான் இருக்கிறது. பெரிய இதயம் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்தவன் நான். நீரேற்று நிலையம், மேல்நிலைத் தொட்டி, வால்வு, வெடித்த பைப், நள்ளிரவில் எரிந்துபோன மோட்டார் இவற்றோடேயே காலம் போனது. டாக்டர் படிப்பு படித்தவன் அல்ல. ஆனால் இந்த மிருகத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், இது மருத்துவக் கேள்வியைவிட எங்கள் தொழில் கேள்வி என்றே தோன்றும்.

நடுவே ஒரு சின்ன விஷயம். இதன் அறிவியல் பெயர் ஜிராஃபா கேமலோபார்டாலிஸ். அந்த இரண்டாவது சொல்லில் ஒட்டகமும் சிறுத்தையும் சேர்ந்திருக்கின்றன. ஒட்டகம் போன்ற உருவம், சிறுத்தை போன்ற புள்ளி என்று பழைய கிரேக்கர்கள் வைத்த பெயர் அது. நம் சொல்லிலும் ஒட்டகமும் சிவிங்கியும் சேர்ந்தே நிற்கின்றன. மைசூர் மிருகக்காட்சிசாலைக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். வேலிக்கு மேலே எங்கோ ஒரு தலை, நிதானமாக இலை மென்றுகொண்டிருக்கும். கழுத்து எலும்புகள் நமக்கு ஏழு, அதற்கும் ஏழே. ஒவ்வொன்றும் நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

அதன் ரத்த அழுத்தத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் கோயட்ஸ். ஜெர்மனியில் பிறந்து, நாஜி ஆட்சிக் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு வந்து சேர்ந்த அறுவை மருத்துவர். அங்கே குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் வேலை. (1967 டிசம்பரில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் மனித இதய மாற்று அறுவை செய்தாரே, அதே மருத்துவமனை. நம் வயதுக்காரர்களுக்கு அந்தச் செய்தி பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் வந்தது என்பதுகூட நினைவிருக்கும்.) 1950களில் கோயட்ஸும் கூட்டாளிகளும் காட்டுக்குப் போய், ஒட்டகச்சிவிங்கியின் ரத்தக் குழாயில் கருவியைச் செருகி அளந்தார்கள். இதயத்தின் மட்டத்தில் மேல் எண் 280, கீழ் எண் 180 என்கிற அளவுகள் இந்த வேலையிலிருந்து வந்தவைதான். நமக்கு 120, 80. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தக் கோயட்ஸ் பிறகு நியூயார்க் போனார். 1960 மே மாதம் 2ஆம் தேதி, பிராங்க்ஸில் ஒரு நோயாளிக்கு மார்பின் உட்பக்கத் தமனியை எடுத்து இதயத் தமனியோடு ஒரு டான்டலம் வளையத்தால் இணைத்தார். மனிதனுக்கு வெற்றிகரமாக நடந்த முதல் பைபாஸ் அறுவை அது என்று இன்று மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். உடன் வேலை செய்தவர்களிடம் வரவேற்பு இல்லை, அவர் அதைத் தொடரவும் இல்லை. ஒட்டகச்சிவிங்கியின் ரத்த ஓட்டம் பற்றிய பெரிய கட்டுரை வெளிவந்ததும் அதே 1960இல்தான். நம் நண்பர்களில் எத்தனை பேர் நெஞ்சில் நீளத் தழும்போடு காலையில் பூங்காவில் நடக்கிறார்கள்! அவர்களுக்கும் இந்த மிருகத்துக்கும் நடுவே இந்த மனிதர் நிற்கிறார் என்பது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

சரி, கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ரத்தம் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். ஆகவே ரத்தத்தை 13 மில்லிமீட்டர் உயரம் ஏற்ற, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகும். நமக்கு இதயத்திலிருந்து மூளை ஓர் அடி உயரத்தில் இருக்கிறது. முந்நூறு மில்லிமீட்டரைப் பதின்மூன்றால் வகுத்தால் 23. ஆகவே நாம் நிற்கும்போது இதயத்தில் சராசரி 93 இருந்தால் மூளைக்குப் போய்ச் சேர்வது 70. வளர்ந்த ஒட்டகச்சிவிங்கிக்கு இதயத்திலிருந்து மூளை ஏறத்தாழ இரண்டு மீட்டர் மேலே இருக்கிறது. இரண்டாயிரத்தைப் பதின்மூன்றால் வகுத்தால் 154. உச்சியில் நம்மைப் போலவே 70 மிஞ்ச வேண்டுமானால் அடியில் 224 இருக்க வேண்டும். 280/180 என்பதன் சராசரியைப் போட்டுப் பாருங்கள், 213 வரும். காட்டில் அளந்ததும் காகிதத்தில் போட்டதும் எவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கின்றன! நான் வரைந்து கொடுத்த எந்தத் திட்டமும் இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போனதில்லை.

எங்கள் தொழிலில் அழுத்தத்தை மீட்டரில்தான் சொல்வோம். இருபது மீட்டர் ஹெட், நாற்பது மீட்டர் ஹெட் என்று. பம்பு வாங்கும்போது கம்பெனிக்காரன் ஒரு படம் கொடுப்பான். வளைந்து இறங்கும் ஒரு கோடு. ஹெட் கூடக் கூட டிஸ்சார்ஜ் குறையும் என்பதுதான் அந்தக் கோட்டின் பொருள். அதே குதிரைத்திறன் மோட்டார்தான். உயரமாக ஏற்றச் சொன்னால் கொஞ்சம் தண்ணீர்தான் வரும், நிறையத் தண்ணீர் வேண்டுமென்றால் உயரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் வேண்டுமென்று கேட்கிற ஊராட்சித் தலைவர்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு.

ஒட்டகச்சிவிங்கியின் இதயம் அந்தக் கோட்டில் உயரத்தின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு குழு தென்னாப்பிரிக்காவில் மயக்கம் கொடுத்து ஆராய்ந்து, 2016இல் வெளியிட்ட முடிவு இதுதான்: இடது கீழறையின் சுவர் மிகத் தடிமன், உள்ளே இருக்கும் இடம் சிறியது, ஆகவே ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் ரத்தமும் கொஞ்சம்தான். அதே அரை சதவீதச் சதையை எடுத்து, பெரிய பையாகச் செய்யாமல் சின்ன, கெட்டியான பையாகச் செய்திருக்கிறது.

ஏன் சின்னப் பை? பிவிசி பைப் வாங்கியவர்களுக்குத் தெரியும். நான்கு கிலோ பைப், ஆறு கிலோ பைப், பத்து கிலோ பைப் என்று விற்பார்கள். அழுத்தம் கூடினால் சுவர் தடிக்க வேண்டும். விட்டம் கூடினாலும் சுவர் தடிக்க வேண்டும். அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் சுவரின் மேல் விழும் இழுப்பு கிடைக்கும். லாப்லாஸ் விதி என்று டாக்டர்கள் சொல்வதும் பைப் கம்பெனிக்காரன் சொல்வதும் ஒன்றேதான். அழுத்தம் இரண்டு மடங்கு ஆனபோது, விட்டத்தைக் குறைத்துத் தடிமனைக் கூட்டி, இதயத் தசையின் ஒவ்வொரு இழையும் தாங்க வேண்டிய இழுப்பை மற்ற மிருகங்களுக்கு உள்ள அதே அளவில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் கொடுத்த விலை, டிஸ்சார்ஜ். இந்தப் பேரம்தான் எனக்கு அதிசயம். பன்னிரண்டு கிலோ அதிசயமில்லை.

இன்னொரு செய்தி, குட்டி பற்றியது. பதினைந்து மாதம் வயிற்றில் இருந்து, தாய் நின்றபடியே ஈனும்போது ஆறடி உயரத்திலிருந்து தரையில் விழுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கிறது. அதன் இதயச் சுவர் அப்போது அவ்வளவு தடிமன் இல்லை. கழுத்து நீள நீள அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏற ஏறச் சுவர் தடிக்கிறது. இந்தத் தடிப்பு என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதில் படித்தவர்களுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. 1980களின் இறுதியில் சிலர் கிளம்பி, இவ்வளவு அழுத்தம் தேவையே இல்லை, கழுத்தில் நடப்பது சைஃபன் என்றார்கள். ஒரு பக்கம் தமனியில் ஏறும் ரத்தத்தை மறுபக்கம் சிரையில் இறங்கும் ரத்தம் இழுத்துக்கொள்ளும், கேனிலிருந்து டியூப் போட்டு மண்ணெண்ணெய் இறக்குவது போல என்றார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சைஃபனுக்கு இரண்டு பக்கமும் கெட்டிக் குழாய் வேண்டும். கிணற்று மோட்டாரைப் பாருங்கள். சக்‌ஷன் பக்கம் உள்ளே கம்பி சுற்றிய கெட்டி ஹோஸ் போடுகிறோம், டெலிவரி பக்கம் துணி ஹோஸ் போதும். சக்‌ஷனில் துணி ஹோஸைப் போட்டால் சப்பென்று ஒட்டிக்கொண்டு, சொட்டுத் தண்ணீர் வராது. கழுத்துச் சிரை துணி ஹோஸ். நிமிர்ந்து நிற்கும்போது சப்பிப்போய்த்தான் இருக்கிறது. மேலும், அதனுள் அழுத்தத்தை அளந்தவர்கள் உறிஞ்சல் எதையும் பார்க்கவில்லை. சிறிதளவு தள்ளும் அழுத்தம்தான் இருந்தது. சைஃபன் உண்மையென்றால் இந்த இதயம் 280 வரை ஏற்றிக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் என்ன? மின்சாரம் இலவசம் என்று யாரும் தேவைக்கு மேல் மோட்டார் போடுவதில்லை. (போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு பதிவு.)

அடுத்தது தண்ணீர் குடிக்கும் சங்கடம். முன்கால் இரண்டையும் அகட்டி வைத்துத் தலையைக் குனியும்போது, இரண்டு மீட்டர் மேலே இருந்த மூளை இதயத்துக்கும் கீழே போய்விடுகிறது. அத்தனை அழுத்தமும் மூளையில் மோத வேண்டும். நிமிரும்போது திடீரென்று வடிந்து மயக்கம் போட வேண்டும். இரண்டும் நடப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய் வலைப்பின்னல்தான் காரணம் என்று எல்லாக் கட்டுரைகளும் எழுதுகின்றன. அந்த வலை நம் ஊர் ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட உண்டு. அவை எந்தக் கழுத்தை ஆறடி தூக்கின? அதற்கு மூளையைக் குளிர்விக்கிற வேலை முதலில். எனக்குப் பிடித்த விளக்கம் வேறு. மயக்கம் கொடுத்த மிருகத்தின் தலையைக் கப்பியில் ஏற்றி இறக்கிப் பார்த்த டேனிஷ் குழு 2009இல் சொன்னது: தலை கீழே போகும்போது அந்தத் துணி ஹோஸ் போன்ற கழுத்துச் சிரைகள் உப்பி, ஒரு லிட்டருக்கு மேல் ரத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதயத்துக்குத் திரும்பும் வரத்து குறைகிறது, இதயம் தள்ளுவதும் குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது. தலையைத் தூக்கியதும் அந்த ஒரு லிட்டரும் மொத்தமாக இதயத்துக்கு வந்து சேர்கிறது, மூளைக்கு வேண்டிய நேரத்தில் ஓங்கி ஓர் அடி அடிக்கிறது. தொட்டி, வால்வு, நேரம் மூன்றும் சேர்ந்த ஏற்பாடு.

நம் வயதில் கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறதே, அதற்கு நம்மிடம் இருப்பது டாக்டரின் ஒரு வரி மட்டும்: "ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழுந்திருங்க."

இப்போது காலுக்கு வருவோம். மேலே ஏற்றுவதைவிடக் கீழே தாங்குவது கஷ்டம் என்பது மலைப் பகுதியில் குடிநீர்த் திட்டம் போட்டவர்களுக்குத் தெரியும். உச்சியில் தண்ணீர் போதவில்லை என்று புகார் வரும், அடிவாரத்தில் பைப் வெடித்துவிட்டது என்று போன் வரும். அதற்காகத்தான் நடுவில் பிரேக் பிரஷர் டேங்க் வைப்போம். ஒட்டகச்சிவிங்கியின் குளம்புக்கு, இடையில் ஒன்றும் இல்லாவிட்டால், வெறும் கணக்குப்படி 350ஐத் தாண்டிய அழுத்தம் போய்ச் சேர வேண்டும். ஆனால் முழங்காலுக்குக் கீழே தமனி சில அங்குலத்துக்குள் திடீரென்று குறுகுகிறது. சுவர் தடித்து, நரம்புகள் நிறையச் சுற்றி, தேவைக்கு இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற ஒரு வால்வு போல இருக்கிறது. அதற்கும் கீழே தோல். நீட்டிப்பார்த்தால் நீளாத, எலும்போடு இறுகப் போர்த்திய தோல். போர் விமானிகள் காலில் இறுக்கிக் கட்டும் உடையைப் போல் அது ரத்த நீரை வெளியே கசியவிடாமல் அழுத்திப் பிடிக்கிறது. ஆலன் ஹார்கென்ஸ் என்பவரின் குழு 1987இல் இதை அளந்து எழுதியது. அவர் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவோடு வேலை செய்தவர். விண்வெளிக்குப் போய்த் திரும்புகிறவர்களின் காலில் ரத்தம் என்ன ஆகிறது என்பது அவர்களுடைய கவலை. சாயங்காலம் ஆனால் கணுக்காலில் சாக்ஸ் பட்டையின் தடம் பதிகிற நமக்கும் அதே கவலைதான்.

சிறுநீரகம் ஒன்று பாக்கி. அது இதயத்தின் அருகிலேயே இருப்பதால் முழு அழுத்தமும் அங்கே போகிறது. 200க்கு மேற்பட்ட சராசரி அழுத்தத்தில் நம் சிறுநீரகம் நாள்பட நாள்படச் சல்லடையாகிவிடும். அதனுடையது ஆகவில்லை. வலுவான வெளியுறைக்குள் திசுவின் அழுத்தத்தையே உயர்த்தி வைத்துக்கொண்டு, எதிரழுத்தம் கொடுத்து, வடிகட்டும் வேகத்தையும் குறைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. அவுட்லெட் வால்வை அரைக்குத் திருப்பி வைத்து ஓட்டுகிற உத்தி.

இவ்வளவும் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் காலை நடைக் கோஷ்டியில் ஒருவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அரசுப் பணியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல படிப்பாளி. நான்கு மாதமாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அவர் வீட்டம்மா என் மனைவியிடம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சார், ஒட்டகச்சிவிங்கிக்கு 280. அது என்ன மாத்திரையா சாப்பிடுது? நல்லாத்தானே ஓடுது? உயரத்துக்கு ஏத்த பிரஷர் அதுக்கு, வயசுக்கு ஏத்த பிரஷர் நமக்கு. நூறோட வயசைக் கூட்டிக்கோங்க, அதான் கணக்கு. 176 எனக்கு நார்மல்."

சுற்றி நின்ற நான்கு பேர் தலையாட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதுதான். ஒருவர் தன் உடம்போடு விளையாடுவது ஒன்று. ஒரு மிருகத்தைச் சாட்சிக்கு அழைத்து நான்கு பேரைச் சேர்த்துக்கொள்வது இன்னொன்று.

நூறோடு வயது என்பது நம் அப்பாக்கள் காலத்துக் கணக்கு. சரியான மாத்திரைகள் இல்லாத காலத்தில் டாக்டர்களே அப்படிச் சொல்லி ஆறுதல் படுத்திய கணக்கு. வயதானால் பிரஷர் ஏறுவது பலருக்கு நடக்கிறது என்பது உண்மை. நடப்பதெல்லாம் நல்லது என்று யார் சொன்னது? வயதானால் பல்லும்தான் விழுகிறது.

ஆனால் எனக்கு முக்கியம் அவருடைய சாட்சி. அவர் அழைத்த சாட்சி அவருக்கு எதிராகத்தான் பேசும். ஒட்டகச்சிவிங்கி 280ஐத் தாங்குகிறது என்பது அரைச் செய்தி. தாங்குவதற்கு என்னென்ன மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது என்பது மீதி அரை. இதயத்தை மாற்றியது, கழுத்துச் சிரையை மாற்றியது, முழங்காலுக்குக் கீழே வால்வு வைத்தது, தோலை இறுக்கியது, சிறுநீரகத்துக்குக் கவசம் போட்டது. இதில் ஏதாவது ஒன்று நம் நண்பரிடம் இருக்கிறதா? நான்கு கிலோ பைப்பில் பத்து கிலோ அழுத்தம் ஏற்றிவிட்டு, பக்கத்து ஊரில் ஏற்றியிருக்கிறார்களே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? பக்கத்து ஊரில் பைப்பையும் மாற்றினார்கள் ஐயா.

மாற்றியதும் ஒரு தலைமுறையில் நடந்ததல்ல. அதன் நெருங்கிய உறவான ஒகாபி இன்றும் காங்கோ காட்டில் குட்டைக் கழுத்தோடுதான் திரிகிறது. இரண்டும் பிரிந்தது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுக்கு முன்பு என்கிறார்கள். 2021இல் சீன ஆய்வாளர்கள் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒட்டகச்சிவிங்கியிடம் வித்தியாசமாக இருக்கும் ஒரு மரபணுவை எலிக்கு வைத்து, பிரஷரை ஏற்றும் மருந்தைக் கொடுத்தார்கள். சாதாரண எலிகளுக்குப் பிரஷர் ஏறி இதயமும் சிறுநீரகமும் கெட்டன. இந்த எலிகள் தப்பின. ஆக, காப்பு அந்த அளவுக்கு ஆழத்தில், மரபணுவிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

நண்பரைச் சண்டை போட்டு எக்கோ எடுக்க வைத்தோம். இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது என்று அறிக்கை வந்தது. அதையும் அவர் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களா, சுவர் தடிச்சிருக்காம். நானும் ஒட்டகச்சிவிங்கி ஆயிட்டு வரேன்!"

இங்கேதான் அந்தத் தடிப்பு என்ற சொல். அதன் சுவர் தடிப்பது தசையாக, வளர்ச்சியாக, குட்டிப் பருவத்திலிருந்து கழுத்தோடு கூடவே. நம் சுவர் தடிப்பது அதிகச் சுமையில், நார் படிந்து, விறைப்பாக. விறைத்த இதயம் சுருங்குவதில் குறை வைக்காது, விரிவதில் குறை வைக்கும். விரியாவிட்டால் ரத்தம் உள்ளே வராது, வராத ரத்தம் நுரையீரலில் தேங்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். எக்கோ பார்த்த டாக்டர் "பம்பிங் நல்லா இருக்கு" என்று சொல்லியும் மூச்சு வாங்குகிற பெரியவர்கள், முக்கியமாக அம்மாக்கள், உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அமெரிக்க இதய மருத்துவர் பார்பரா நேட்டர்சன்-ஹோரோவிட்ஸ் ஒட்டகச்சிவிங்கியின் பக்கம் திரும்பியது இந்தக் கேள்வியோடுதான்: அத்தனை தடித்த சுவர் இருந்தும் அதற்கு ஏன் அந்த நோய் வருவதில்லை? அதன் தசையில் அந்த நார்ப் படிவு ஏற்படுவதில்லை என்பது இதுவரை கண்டதில் முக்கியமானது. எப்படி என்பது தெரிந்தால் ஒருநாள் நமக்கு ஒரு மாத்திரை வரலாம். அதுவரை இருக்கிற மாத்திரையை விழுங்குவதுதான் வழி.

எல்லோரும் 120க்கு இறக்கியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்பதைத் தாண்டியவர்களுக்கு ரொம்ப இறக்கினால் தலை சுற்றிக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் நடக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதை அவரவர் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லி மாற்றிக்கொள்ளலாம். அதைத்தான் நண்பரிடமும் சொன்னேன். இந்த முடிவை வாட்ஸ்அப்பும் எடுக்கக் கூடாது, மைசூரில் இலை மென்றுகொண்டிருக்கும் மிருகமும் எடுக்கக் கூடாது.

மேலே போட்ட கணக்கையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். 154 வகுத்தல் சரிதானா என்று போனில் போட்டுப் பார்த்தார். அடுத்த வாரம் டாக்டரிடம் போய்வந்ததாக அவர் வீட்டம்மா சொன்னார்கள். இப்போது காலையில் ஒன்று, இரவில் ஒன்று. நேற்றுப் பூங்காவில் என்னைப் பார்த்ததும் அருகில் வந்து, "சார், யானைக்குப் புற்றுநோயே அபூர்வமாமே? அது என்ன சாப்பிடுதுன்னு பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தார்.